அதே கிழமை

போன மாதம் ஜெர்மனியில், ஆஹென் நகரத்துப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். மகள் அங்கே புது அறைக்கு மாறியிருந்தாள். துண்டுதுண்டாக வந்த அலுமாரியைப் பூட்டித்தர அப்பா தேவைப்பட்டார். அப்பாவுக்கு அலுமாரி பூட்டத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் கூப்பிட்டாளே என்ற சந்தோஷத்தில் திருப்புளியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். முன் இருக்கையில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன், பொறியியல் படிக்க வந்தவனாக இருக்கும். மடியில் பொரித்த கோழிப் பொட்டலம். வண்டி முழுக்க அந்த எண்ணெய் மணம். ஒரு கையில் கோழிக்கால், மறு கையில் கைபேசி, அந்தப் பக்கம் அம்மா.

"இன்னைக்கு என்ன கிழமைம்மா? வெள்ளியா? நான் வியாழன்னுல்ல நெனச்சேன்" என்றான். பாதிக் கால் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. மீதியைப் பொட்டலத்தில் வைத்து மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன், மகளிடமும் போய்ச் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் 'என்ன கிழமை' என்று கேட்டது என்னை எங்கோ கொண்டுபோய்விட்டது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் சுயநினைவு வந்தது. திரும்பி நடந்தேன். நடக்கும்போது முழுக்க சண்முகத்தின் முகம்தான்.

கிழமை என்ற ஒரு சொல்லால் நான் ஒரு மனிதனைக் கெடுத்திருக்கிறேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன். நேராகச் சொல்ல வராது, கொஞ்சம் சுற்றித்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் கிழமைக்கு இரண்டு வேலை. 'இண்டைக்கு என்ன கிழமை?' என்றால் திங்களா செவ்வாயா என்று கேட்கிறோம். 'வாற கிழமை வாறன்' என்றால் அடுத்த வாரம் வருகிறேன் என்கிறோம். வாரம் என்ற சொல்லை நாங்கள் பத்திரிகைக்கு விட்டுவிட்டோம். வீட்டில் கிழமைதான். எது எந்தக் கிழமை என்று எங்களுக்குள் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. அதனால் யாருக்கும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் நான் வுப்பர்டாலில் இருந்தேன். தலைக்கு மேலே தொங்கு ரயில் ஓடும், கீழே ஆறு ஓடும், நடுவில் ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் நான் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அது பிழைப்பு. மரியாதைக்கு இன்னொரு வேலை வைத்திருந்தேன்: மொழிபெயர்ப்பாளர். அகதி விசாரணைக்குத் தமிழர் வந்தால் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். உடனே ஒரே ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். அந்தக் கோட்டில் சலவைக் கூடத்து நீராவி மணம் போகவே போகாது. ஆனாலும் அந்த மேசையில், அதிகாரிக்கும் நம் ஆளுக்கும் நடுவில் உட்காரும்போது, சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். மனைவி 'துரை வெளிக்கிட்டாச்சு' என்று நக்கலடிப்பாள்.

ரங்கூன் தெருக்களில் புத்த பிக்குகள் ஊர்வலம் போய் அடிவாங்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்களே, அந்த வருடத்துக் குளிர்காலம். அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள். ஆள் பர்மாவாம், ஆனால் தமிழில்தான் பேசுவேன் என்கிறாராம். பர்மாவிலும் தமிழர் இருக்கிறார்களா, உங்களால் முடியுமா என்று கேட்டாள். தமிழன் இல்லாத இடம் எது, எல்லாத் தமிழும் ஒன்றுதானே என்று பெருமையாகச் சொன்னேன். இன்றைக்கும் அந்தத் தொலைபேசியை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

சண்முகத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். யாரோ கொடுத்த கோட்டு, கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிட்டது. பர்மிய மொழிபெயர்ப்பாளர் வந்தால் சொன்னதெல்லாம் தூதரகத்துக்குப் போய்விடும் என்ற பயத்தில்தான் தமிழ் கேட்டிருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "நம்ம ஆளு வந்துட்டீங்கண்ணே" என்றார். அந்த நம்பிக்கையைத்தான் நான் காப்பாற்றாமல் விட்டேன்.

அவர் சொன்னது இது. மோல்மீனுக்குத் தெற்கே வயல் செய்யும் ஒரு தமிழ்க் கிராமம். பட்டாளம் சுமை தூக்க ஆள் பிடிக்க வந்தது. அவருடைய அய்யாவையும் வேறு சிலரையும் கொண்டுபோனார்கள். முதுகில் குண்டுப் பெட்டி, பின்னால் துப்பாக்கி. கண்ணிவெடி இருக்கிற பாதையில் பட்டாளத்துக்கு முன்னால் அவர்கள்தான் நடக்க வேண்டும். அன்றைக்கு மாலையே ஊர் எல்லையில் அய்யா வெடியில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் செய்தார்கள். இதையெல்லாம் யாரோ வெளிநாட்டு வானொலிக்குச் சொல்லிவிட்டார்கள் என்று பட்டாளம் திரும்பவும் வந்தது. மாரியம்மன் கோயில் மதிலோரம் ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டது. அதில் அவருடைய அண்ணன் ஒருவர். கோயில் கிணற்றுக்குள் இறங்கி ஒளிந்திருந்ததால் சண்முகம் மிஞ்சினார்.

"மறுபடியும் அதே கிழமைதாண்ணே வந்தாங்க" என்றார்.

என் காதில் விழுந்தது எங்கள் வீட்டுக் கிழமை. அதே வாரத்தில் மறுபடி வந்தார்கள் என்று ஜெர்மனில் சொன்னேன். அதிகாரி கையிலிருந்த ஒலிப்பதிவுப் பெட்டியில் அதை அப்படியே சொல்லி, முற்றுப்புள்ளி என்றும் சொன்னாள். அவர்கள் வழக்கம் அது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் வைப்பார்கள். பிறகு நிமிர்ந்து, அதே வாரத்திலா, நிச்சயமா என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் சண்முகத்திடம் திரும்பி, "அதே கிழமையோ தம்பி?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே, அதே கிழமை. எங்க குடும்பத்துல எல்லாருமே அந்தக் கிழமைதான். பூட்டன், தாத்தா, இப்ப அய்யா, அண்ணன்."

எங்கள் குடும்பத்தில் பூட்டனார் உட்பட எல்லோரும் அந்த வாரத்தில்தான் இறந்தார்கள் என்று மொழிபெயர்த்தேன். அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். பாவம், துக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். 'என்ன கிழமை?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் செவ்வாய் என்றிருப்பார். ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு இரண்டு மணிக்குச் சலவைக் கூடத்தில் வேலை, மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

இப்படித் தவறு நடக்கும் என்பதற்காகவே அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. விசாரணை முடிந்ததும் எழுதியதை முழுக்க மொழிபெயர்ப்பாளர் தமிழில் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். சரி என்றால் ஆள் கையெழுத்துப் போட வேண்டும். நானும் வாசித்தேன். தாளில் ஜெர்மனில் 'அதே வாரம்' என்று இருந்தது. என் வாய் அதை மறுபடியும் 'அதே கிழமை' ஆக்கியது. சண்முகம் தலையாட்டி, "ஆமாண்ணே, கரெக்ட்" என்றார். பக்கத்துக்குப் பக்கம் அழகாகக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்தை அதிகாரி பாராட்டியது வேறு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சில மாதம் கழித்து, வுப்பர்டால் தமிழ்க் கடையில் கருவாட்டு மணத்துக்குள் அவரை மறுபடியும் கண்டேன். ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஊர் ஙாப்பி, அதுதான் அந்த மீன் விழுது, அதற்குக் கிட்டவான மணம் எதிலாவது இருக்கிறதா என்று தேடினாராம். என்னைக் கண்டதும் கோட்டுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தார். முடிவுக் கடிதம், பெஷைட்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்கண்ணே."

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன். விண்ணப்பம் நிராகரிப்பு. காரணம், முன்னுக்குப் பின் முரண். இரண்டு கொலைகளும் ஒரே வாரத்தில் நடந்ததாகச் சொல்லும் விண்ணப்பதாரர், நடுவில் தகப்பனாருக்குப் பதினாறாம் நாள் சடங்கு செய்ததாகவும் சொல்கிறார். நான்கு தலைமுறையும் ஒரே வாரத்தில் இறந்ததாகச் சொல்வது கட்டுக்கதையின் தன்மை. அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

உடனே சொன்னேனா? இல்லை. "வீட்டை கொண்டுபோய் வடிவா வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழக்குப் போட இரண்டு வாரம்தான் தவணை. அதில் நாலு நாளை நான் தின்றேன். என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களே, கறுப்புக் கோட்டு போய்விடுமே என்றுதான். வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் மலை உச்சியில் இருந்த அகதிகள் விடுதிக்கு, ஹைம் என்போமே, அங்கே போய்ச் சொன்னேன். அவர் கட்டிலில் இருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். நாள் என்றும் வாரம் என்றும் விரலால் கட்டில் விரிப்பில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் கோபப்படுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

"நீங்க வாசிச்சப்ப நான்தானேண்ணே ஆமான்னேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனார்.

அந்த அறையில்தான் எனக்குக் கிழமையைப் பற்றிச் சொல்லித்தந்தார். பர்மாக்காரர்களுக்குப் பிறந்த வருடம் மறந்தாலும் கிழமை மறக்காதாம். பெயர் வைப்பதே கிழமை பார்த்துத்தான். புத்த கோயிலில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை. தன் கிழமை மூலையில் நின்று சிலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவும் எட்டுக் கிழமை. புதன் காலை ஒன்று, புதன் மாலை இன்னொன்று. நான் நம்பாமல் விரல் விட்டு எண்ணியதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"பொறந்த கிழமைக்குத் தண்ணி ஊத்துறது பர்மாக்காரன் வழக்கம்ணே. செத்த கிழமைக்கு ஊத்துறது எங்கம்மா வழக்கம்" என்றார்.

சுவரில் அட்டையில் எட்டு மூலை வரைந்து ஒட்டியிருந்தார். கீழே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், ஒரு குவளை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார். எட்டுப் பகுதியாகப் பிரித்திருந்தது. அவர் அம்மா வாயால் சொன்னவை, அவர் கேள்விப்பட்டவை, எல்லாம் கிழமைவாரியாக. செவ்வாயில் பூட்டன்: ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இந்தியர்களைத் தேடித்தேடி வெட்டிய கலவரத்தில் போனவர். தாத்தா: ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் பிடித்துப்போனவர், வாந்திபேதி வந்தவர்களைக் கூடாரத்தோடு கொளுத்தினார்கள் என்று கேள்வி. வெள்ளியில் பட்டாளம் சுட்ட மாணவர்கள். ஞாயிறில் மலைநாட்டுக் கிராமங்கள், கரென்காரர்கள், நெல்லோடு எரிந்தவர்கள். திங்களில் மேற்குக் கரையோரத்து முஸ்லிம்கள். வியாழனில் பிக்குகள். யார் கொன்றது, யார் செத்தது எல்லாம் மாறிமாறி வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒருத்தன், ஜப்பான்காரன் காலத்தில் ஒருத்தன், சொந்த நாடு வந்த பிறகு சொந்தப் பட்டாளம். ஒரு கிழமையும் வெறுமையாக இல்லை. புதன் மாலைக்கும் ஆள் இருந்தது.

அந்தக் கொப்பியை முழுக்க ஜெர்மனில் எழுதினேன். என் தவறை ஒப்புக்கொண்டு ஒரு கடிதமும் சேர்த்துத் தவணைக்குள் வழக்குப் போட்டோம். நீதிமன்றத்தில் நீதிபதி மரியாதையான மனிதர். விண்ணப்பதாரர் வாசிக்கக் கேட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாரே என்றார். இப்போது மாற்றிச் சொல்வது உங்கள் நாட்டவருக்குச் செய்யும் உதவியா என்று கேட்டார். எந்த நாட்டவர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர் ஊரை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கொப்பியைப் புரட்டி, இதில் வருடமே இல்லையே, வெறும் கிழமையை வைத்து எதைச் சரிபார்ப்பது என்றார். வழக்குத் தள்ளுபடி. என் பெயரும் பட்டியலிலிருந்து போனது. சண்முகத்துக்கு டுல்டுங் என்ற தாள் மட்டும் மிஞ்சியது. மூன்று மாதத்துக்கு மூன்று மாதம், உன்னை இன்னும் அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று சொல்கிற தாள்.

பிறகு எங்கள் முறை வந்தது. வன்னியில் கடைசிச் சண்டை நடந்த அந்த மே மாதம் உங்களுக்குத் தெரியும். என் தங்கச்சி அந்தக் கடற்கரைத் துண்டில்தான் இருந்தாள். அவளோடு இருந்த ஒருத்தி முகாமிலிருந்து பல நாள் கழித்துச் செய்தி அனுப்பினாள். பதுங்கு குழியோடு போய்விட்டாளாம். என்றைக்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. அங்கே நாள் பார்க்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை. மே மாதம் மூன்றாம் வாரம் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாள் இல்லாமல் திதி இல்லை, திதி இல்லாமல் திவசம் இல்லை. மனைவி அதைச் சொல்லிச் சொல்லியே அழுதாள்.

துக்கம் கேட்க வந்தவர்களில் சண்முகமும் ஒருவர். மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார். அதே முழங்கைக் கோட்டு. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கிழமைண்ணே?"

இவ்வளவு பட்டும் என் வாய் திருந்தவில்லை. "மூண்டாம் கிழமை எண்டுதான் சொல்லினம்" என்றேன்.

அவர் மடியில் கை வைத்து விரல் விட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்றாம் விரலில் நின்றார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்கும் செவ்வாய்தானாண்ணே" என்றார்.

நான் திருத்த வாய் எடுத்தேன். திருத்தவில்லை. அவர் பையிலிருந்து கொப்பியை எடுத்துத் தங்கச்சியின் பெயரைக் கேட்டு, செவ்வாய்ப் பக்கத்தில் தன் அண்ணனுக்குக் கீழே எழுதினார். அந்த அழகான கையெழுத்தில். மனைவி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கிழமை அவள் கோயிலுக்குப் போய், மே மாதம் மூன்றாம் வாரத்துச் செவ்வாய்க்கு என்ன திதி என்று ஐயரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். இன்றுவரை அந்தத் திதியில்தான் தங்கச்சிக்குச் சோறு படைக்கிறோம். பொய்தான். ஆனால் வேறு எந்த நாளும் எங்களிடம் இல்லை.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஹைமுக்குப் போனேன். சண்முகத்தின் கட்டிலில் விரிப்பு இல்லை. சுவரில் அட்டை இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தது. அதே அறையில் இருந்த ஆப்பிரிக்கர் தனக்குத் தெரியாது என்றார். வேலைக்குப் போய்த் திரும்பி வரும்போது கட்டில் இப்படித்தான் இருந்ததாம். பொலிஸ் கொண்டுபோனது என்றார் ஒருவர். அவராகவே நோர்வேக்குப் போய்விட்டார் என்றார் கடைக்காரர். மலேசியாவில் கண்டதாகவும் ஒரு கதை வந்தது. என்றைக்குப் போனார் என்று சரியாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அலுவலகத்தில் கேட்டேன். நீங்கள் யார், உறவினரா என்றார்கள்.

அந்த ஹைம் இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். தமிழ்க் கடை இருந்த இடத்தில் நகம் வெட்டி அழகுபடுத்தும் கடை. சலவைக் கூடம் வேறு ஊருக்குப் போய்விட்டது, கறுப்புக் கோட்டைப் பூச்சி தின்றுவிட்டது. கொப்பி எங்கே என்று தெரியாது. பர்மாவில் செத்தவர்களின் பட்டியலில் வன்னிக்காரி ஒருத்தியின் பெயர் இருக்கிறது என்பது சண்முகத்தை விட்டால் எனக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். தொலைக்காட்சியில் அந்த நாட்டில் ஏதாவது ஊர் எரிவதை இன்னமும் காட்டுகிறார்கள். காட்டும்போதெல்லாம் நான் சுவரில் நாட்காட்டியைப் பார்க்கிறேன், அன்றைக்கு என்ன கிழமை என்று.

அன்று இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்து மகள் வீட்டுக்குப் போனேன். ஏனப்பா பிந்தினீங்கள் என்று கேட்டாள், திருப்புளியை எடுத்து நீட்டினேன். இருவருமாக அலுமாரியைக் கோணலாகப் பூட்டி முடித்தோம். செவ்வாய்க்கிழமைகளில் நான் இப்போது மாடத்துப் பூச்சாடியில் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். தங்கச்சிக்கு ஒன்று, பிறகு சண்முகத்தின் அய்யாவுக்கு, அண்ணனுக்கு, தாத்தாவுக்கு, பூட்டனுக்கு என்று. செடி அழுகிப்போகும் என்று மனைவி சொல்வாள், ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை. சண்முகத்துக்கு மட்டும் எந்தக் கிழமை என்று தெரியாததால் இன்னும் ஊற்றவில்லை.